அடுப்பு ஏற்றாத சமையல்

(கோடைக்காலத் தோட்டக்கலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டத்தில் பழுத்த தக்காளியைக் கொண்டு செய்யக்கூடிய கோடை உணவு ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் கஸ்பாச்சோ. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியான அந்தலூசியாவின் உணவு அது. பழுத்த தக்காளி, வெள்ளரிக்காய், காரமில்லாத மிளகாய், பூண்டு, காய்ந்த ரொட்டி, ஆலிவ் எண்ணெய், வினிகர், உப்பு ஆகியவற்றை அரைத்து, வடிகட்டி, குளிரவைத்துக் குடிக்கும் சூப். தொடக்கம் முதல் முடிவு வரை அடுப்பைப் பற்றவைக்கும் வேலையே இல்லை.

அடுப்பு இல்லை என்றதும் எளிதான சமையல் என்று தோன்றும். கைவேலையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் நெருப்பு நமக்கு எவ்வளவு உதவுகிறது என்பது அது இல்லாதபோதுதான் தெரியும். சப்பென்று இருக்கும் தக்காளியை வதக்கினால் நீர் வற்றிச் சுவை திரளும். காய்வெட்டாக இருப்பதை வேகவைத்தால் மென்மை வரும். தாளிப்பின் மணமும் மசாலாவின் காரமும் மிச்சக் குறைகளை மூடிவிடும். கஸ்பாச்சோவில் இந்த உதவி எதுவும் கிடையாது. செடியிலிருந்து தக்காளி எப்படி வந்ததோ அப்படியே கிண்ணத்துக்குப் போகிறது. ஆகவே இந்தச் சமையலின் பெரும்பகுதி செடியிலேயே நடந்துவிடுகிறது. சமையலறையில் நம் வேலை, செடி செய்து கொடுத்ததைக் கெடுக்காமல் கிண்ணத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

முதலில் அந்த ஊர் வெயிலைச் சொல்ல வேண்டும். குவாதல்கிவீர் ஆறு பாயும் பள்ளத்தாக்கில் செவீயா, கோர்தோபா என்ற இரண்டு பழம்பெரும் நகரங்கள் இருக்கின்றன. சூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். இடையில் உள்ள எசிஹா என்ற ஊரை அந்தலூசியாவின் வாணலி என்றே ஸ்பானியர்கள் அழைக்கிறார்கள். கோர்தோபா மாவட்டத்து லா ராம்ப்லாவில் 2021 ஆகஸ்டு 14 அன்று 47.6 டிகிரி பதிவானது. ஸ்பெயினில் அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக அதிகம் என்று அந்நாட்டு வானிலைத் துறை உறுதிசெய்தது. மழை இல்லாத, வறண்ட, நீண்ட கோடை அது.

அந்தக் கோடையில்தான் கோதுமை அறுப்பு நடக்கும். பெரும் பண்ணைகள் நிறைந்த பகுதி அது. நிலம் சிலரிடம் இருந்தது. அந்த நிலத்தில் நாள்கூலிக்கு இறங்கியவர்கள் பல்லாயிரம் பேர். வயலுக்குக் கொண்டுபோகக் கூடியவை என்ன? முந்தின நாள் ரொட்டி, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், வினிகர், பூண்டு, உப்பு. இவற்றை மரக் கிண்ணத்தில் இட்டு இடித்து, நீர்விட்டுக் கரைத்து, கூடியிருந்து உண்டார்கள். அந்தக் கிண்ணத்துக்கு தோர்னில்லோ என்று பெயர். பழைய கஸ்பாச்சோ இதுதான். நம் வயல்களில் நீராகாரம் செய்த வேலையை அங்கே இது செய்தது.

அந்தச் சேர்க்கையில் இருக்கும் அறிவைக் கவனியுங்கள். வியர்வையில் உடல் இழப்பது நீரும் உப்பும். இரண்டும் இதில் உண்டு. ரொட்டியும் எண்ணெயும் உழைப்புக்கு வேண்டிய தெம்பைத் தருகின்றன. வெயிலில் பசி மந்தித்துப்போன வாய்க்கு வினிகரின் புளிப்பு ருசியைத் திருப்பிக் கொடுக்கிறது. ரோமானியப் போர்வீரர்கள் நீரில் வினிகர் கலந்து போஸ்கா என்ற பானமாகக் குடித்தார்கள். மத்தியதரைக் கடல் ஓரத்தில் புளிப்பு நீரைக் கொண்டு வெயிலைத் தாங்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

ஆனால் இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை. 1611-இல் செபாஸ்தியன் தே கோவாரூபியாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஸ்பானிய அகராதியில் கஸ்பாச்சோவுக்கு விளக்கம் இருக்கிறது. வாட்டிய ரொட்டியில் எண்ணெயும் வினிகரும் சேர்த்துச் செய்வது என்று சொல்லிவிட்டு, இது அறுவடைக்காரர்களும் பண்பறியாத மக்களும் உண்பது என்ற பொருள்பட எழுதினார். நான்கே ஆண்டுகளில் அதற்கு எதிர்க்குரல் போல ஒரு குரல் எழுந்தது. 1615-இல் வெளிவந்த ‘டான் குயிக்ஸாட்’ நாவலின் இரண்டாம் பாகத்தில், ஆளுநராக அமர்த்தப்பட்ட சாஞ்சோ பான்சாவை ஒரு மருத்துவர் உடல்நலத்தின் பேரால் எதையும் உண்ணவிடாமல் வாட்டுகிறார். பதவியை உதறிவிட்டுப் போகும்போது, அந்த மருத்துவரிடம் மாட்டிக்கொண்டு கிடப்பதைவிட வயிறார கஸ்பாச்சோ உண்பது மேல் என்கிறான் சாஞ்சோ. அவன் உழவன். தன் உணவின் மதிப்பு அவனுக்குத் தெரியும்.

நண்பர்களே, இதுவரை சொன்ன கஸ்பாச்சோவில் தக்காளியே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தக்காளியின் காட்டு உறவுகள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் பகுதியைச் சேர்ந்தவை. அதைப் பயிரிட்டு, மிளகாயோடு சேர்த்து அன்றாட உணவாக ஆக்கியவர்கள் மெக்சிகோ மக்கள். 1521-இல் ஸ்பானியர்கள் ஆஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றிய பிறகே தக்காளி கடல் கடந்தது. அமெரிக்க வாணிகம் முழுவதையும் 1503-இல் அமைக்கப்பட்ட அரசு அலுவலகம் ஒன்று செவீயாவில் இருந்துகொண்டு நடத்தியது. அதனால் புதிய பயிர்கள் ஐரோப்பாவில் காலடி வைத்த வாசல் அந்தலூசியாவாக இருந்தது.

வந்ததும் வரவேற்பு கிடைத்துவிடவில்லை. 1544-இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தக்காளியைப் பற்றி முதன்முதலாக அச்சில் எழுதினார். கத்தரியின் ஒரு வகையாகவே அதைக் கருதினார். 1597-இல் ஆங்கிலேயரான ஜான் ஜெரார்ட் தம் மூலிகை நூலில் அது சத்தில்லாதது, நாற்றமுடையது என்று எழுதி ஒதுக்கினார். ஆனால் செவீயாவில் நிலை வேறாக இருந்தது. 1608-இல் அந்நகர மருத்துவமனை ஒன்று வாங்கிய காய்கறிக் கணக்கில் தக்காளியும் வெள்ளரிக்காயும் இருக்கின்றன. 1646-இல் செவீயா ஓவியர் முரில்லோ அங்குள்ள பிரான்சிஸ்கன் மடத்துக்காக வரைந்த, தேவதூதர்கள் சமைக்கும் காட்சியில் கத்தரி, பூசணியோடு தக்காளியும் தரையில் கிடக்கிறது. அந்த ஓவியம் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 1747-இல் ஹுவான் தே லா மாட்டா எழுதிய சமையல் நூலில் உள்ள கஸ்பாச்சோவில் தக்காளி இல்லை. 1824-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த மேரி ராண்டால்ஃப் என்ற அம்மையார் வெளியிட்ட நூலில் இருக்கிறது. ரொட்டி, தோலுரித்த தக்காளி, வெள்ளரிக்காய் என்று அடுக்கடுக்காக வைத்து, மேலே தக்காளிச் சாறு ஊற்றும் முறையை ஸ்பானிய உணவு என்ற குறிப்போடு அவர் தருகிறார். ஆக, இந்த இடைவெளியில் யாரோ ஓர் உழவரின் கிண்ணத்தில் தக்காளி விழுந்திருக்கிறது. ஏழைகளின் சமையலைப் பக்கத்தில் இருந்து எழுதிவைத்தவர்கள் குறைவு. அதனால் அந்தக் கைக்கு உரிய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

1840-இல் ஸ்பெயினில் பயணம் செய்த பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே, தம் நாட்டில் நல்ல சாதி நாய்கூட இதை முகராது என்று எழுதினார். ஆனால் அதே இடத்தில், உண்ண உண்ணப் பழகிவிடுகிறது, பிடித்தும் போகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். இன்று அந்தலூசியாவில் கோடை வந்தால் குளிர்பெட்டியில் கஸ்பாச்சோ இல்லாத வீடு அரிது. பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை கிளாசில் ஊற்றிக் குடிக்கிறார்கள். ஸ்பெயினின் கடைகளில் அட்டைப்பெட்டிகளில் அடைத்து விற்கிறார்கள். இகழப்பட்ட கூலியாட்களின் கஞ்சி ஒரு நாட்டின் பெருமையாகியிருக்கிறது. அதை உண்ணும்போது அந்த அறுவடைக்காரர்களை நினைப்பது நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

கஸ்பாச்சோ என்ற அந்தப் பழைய குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களும் உயிரோடு இருக்கிறார்கள். மாலகாவில் செய்யும் அஹோபிளாங்கோவில் தக்காளி கிடையாது. பாதாம், பூண்டு, ரொட்டி, எண்ணெய், வினிகர் சேர்த்து வெள்ளை நிறத்தில் அரைத்து, மேலே திராட்சைப் பழம் போட்டுத் தருவார்கள். தக்காளிக்கு முந்தைய கஸ்பாச்சோவின் சாயலை அதில் காணலாம். கோர்தோபாவின் சால்மோரேஹோ வேறு வகை. ஒரு கிலோ தக்காளிக்கு 200 கிராம் ரொட்டி சேர்ப்பதால் கரண்டியில் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். மேலே அவித்த முட்டையும் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியும் பொடியாக நறுக்கித் தூவுவார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் வீட்டுக்கு வந்தபோது கஸ்பாச்சோவின் உருவம் மாறியது. அதற்கு முன் இடித்துக் கரைத்ததால் அது கரகரப்பாக, பாதி சாலட் போல இருந்தது. குளிர்ச்சிக்குக் கிணற்று நீரும், போத்திஹோ என்ற மெருகிடாத மண்குடுவையில் கசிந்து குளிர்ந்த நீரும்தான் இருந்தன. இன்று நாம் அறிந்த வழவழப்பான, நன்றாகச் சில்லிட்ட கஸ்பாச்சோவுக்கு வயது மிகக் குறைவு. ஒரே ஒரு உண்மையான செய்முறைதான் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எல்லாச் செய்முறைகளுக்கும் பொதுவான ஒரு கட்டளை உண்டு: தக்காளி நன்றாக இருக்க வேண்டும்.

நல்ல தக்காளி என்றால் என்ன? இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு கலந்த ஒரு நிறைவான ருசி, மணம் ஆகிய நான்கும் கூடியது. பழத்தின் இனிப்பு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரைகளால் வருகிறது. அவற்றின் பெரும்பகுதியை இலைகள் தயாரித்துக் காம்பு வழியே பழத்துக்கு அனுப்புகின்றன. காம்பை வெட்டிய நொடியில் அந்த வரத்து நின்றுவிடுகிறது. முழுப் பச்சையாகப் பறித்து லாரியில் ஏற்றிய காய் வழியில் சிவக்கலாம். ஆனால் புதிதாக இனிப்பு எதுவும் வந்து சேராது.

இன்னொரு செய்தியும் உண்டு. பழைய ரகத் தக்காளிக் காய்களில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு வளையம் இருக்கும். பழுக்கும்போது சீராக நிறம் மாறாததால் வணிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் காய் முழுதும் ஒரே வெளிர்பச்சையாக இருக்கும் ரகங்களைப் பல பத்தாண்டுகளாகப் பயிர் வளர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன் பவல் குழுவினர் அதன் விலையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கரும்பச்சைப் பகுதியில் பசுங்கணிகங்கள் அதிகம். காய் தானே கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக்கொள்ள அவை உதவின. சீரான நிறத்தைத் தேடியபோது அந்தத் திறன் கைவிட்டுப்போனது. நம் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 ரகத்துக் காயில் இந்தப் பச்சை வளையத்தைப் பார்க்கலாம். விதை வாங்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

நிறைவான ருசி விதையைச் சூழ்ந்த வழுவழுப்பான சாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவில் அந்த நிறைவைத் தரும் குளூட்டாமிக் அமிலம் வெளிச்சதையைவிட அந்தச் சாற்றில்தான் மிக அதிகம். விதையோடு அந்தச் சாற்றையும் வழித்தெறியச் சொல்லும் செய்முறைகளைக் கண்டால் பின்பற்ற வேண்டாம். விதையை வடிகட்டி பார்த்துக்கொள்ளும். சாறு நமக்கு வேண்டும்.

மணத்துக்கு வருவோம். தக்காளியில் ஆவியாகும் மணப்பொருள்கள் 400-க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒரு பகுதி பழுக்கும்போது உண்டாகிறது. மற்றொரு பகுதி கத்தி பட்ட பிறகுதான் பிறக்கிறது. திசு உடைந்ததும் அதிலுள்ள கொழுப்பின் மேல் நொதிகள் வேலை செய்ய, நறுக்கிய தக்காளிக்கே உரிய அந்தப் பசுமையான வாசனை எழுகிறது. வேகவைத்தால் அது ஓடிவிடும். வெந்த தக்காளியின் மணம் வேறொன்று. கஸ்பாச்சோவை அடுப்பில் ஏற்றாததன் நியாயம் இந்த இடத்தில் இருக்கிறது. நம் சமையலில் நாம் பெரும்பாலும் இழந்துவிடும் ஒரு மணத்தை அது முழுதாகக் காப்பாற்றித் தருகிறது.

அந்த மணத்துக்குப் பெரிய பகை குளிர். பழத்தைக் குளிரவைப்பதைச் சொல்கிறேன். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரியில் 7 நாள் வைத்துப் பார்த்தார்கள். மணம் தயாரிக்கும் மரபணுக்கள் பல அடங்கிப்போயின. வெளியே எடுத்து அறை வெப்பத்தில் வைத்த பிறகும் அவை முழுதாக மீளவில்லை. ஆகவே தக்காளிப் பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நிழலில், காற்றோட்டமான தட்டில் பரப்பி வையுங்கள். அரைத்து முடித்த சூப்பைச் சில மணி நேரம் குளிரவைப்பது வேறு. அதற்குள் மணம் பிறந்து சாற்றில் கலந்திருக்கும்.

இனிச் செய்முறை. நான்கு பேருக்கு ஒரு கிலோ நன்கு பழுத்த தக்காளி எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வெள்ளரிக்காய் ஒன்று. கசக்கிறதா என்று முனையைக் கடித்துப் பார்த்துவிடுங்கள். அங்கே நீளமான, காரமற்ற பச்சை மிளகாய் ஒன்றைப் போடுவார்கள். இங்கே குடைமிளகாயில் கால் பங்கு போதும். அல்லது விதை நீக்கிய பஜ்ஜி மிளகாய் பாதி. பூண்டு ஒரே ஒரு பல், நடுவில் இருக்கும் பச்சை முளையை எடுத்துவிட்டு. காய்ந்த ரொட்டி 50 கிராம். ஆலிவ் எண்ணெய் 60 மில்லி. வினிகர் 2 மேசைக்கரண்டி. உப்பு ஒரு தேக்கரண்டி.

ரொட்டியில் கவனம் தேவை. நம் கடைகளில் கிடைக்கும் சாண்ட்விச் ரொட்டியில் சர்க்கரை சேர்ந்திருக்கும். அது சூப்பின் ருசியைக் குலைக்கும். சர்க்கரை சேர்க்காத, மேலோடு தடித்த ரொட்டி கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் ரொட்டியே வேண்டாம். சற்று இளக்கமாக இருக்கும், அவ்வளவுதான். வினிகர் அங்கே ஹெரேஸ் நகரத்து வினிகர். ஒயினைப் புளிக்கவைத்து மரப் பீப்பாய்களில் முதிர்ச்சியடையச் செய்வது. இங்கே பழச்சாற்றிலிருந்து இயற்கையாகப் புளித்த வினிகர் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துங்கள். செயற்கை வினிகரின் காட்டம் தக்காளியை அடித்துவிடும். நம் நாட்டுத் தக்காளி இயல்பிலேயே புளிப்பு கூடியது. அதற்கு வினிகரைப் பாதியாகக் குறையுங்கள். எண்ணெய்க்கு மாற்று தேடாதீர்கள். நல்லெண்ணெய்க்குத் தனி மணம் உண்டு. அது இங்கே பொருந்தாது.

காய்களை நன்றாகக் கழுவி, பெரிய துண்டுகளாக நறுக்கி, பூண்டும் உப்பும் சேர்த்துப் பிசறி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். இந்த ஒரு மணி நேரத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. உப்பு காய்களின் நீரை வெளியே இழுக்கும். தக்காளி, வெள்ளரி, மிளகாய், பூண்டு நான்கின் சாறும் ஒன்றோடொன்று கலந்து பாத்திரத்தின் அடியில் தேங்கும். அந்தச் சாற்றில் ரொட்டியை ஊறவையுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் சூப் நீர்த்துப்போகும். சாற்றில் ஊறவைத்தால் ரொட்டியும் ருசியாகும். பூண்டை நசுக்கியதும் காரம் ஏற்படுத்தும் நொதி வேலையைத் தொடங்கும். புளிப்பு அதைக் கட்டுப்படுத்தும் என்பதால் வினிகரையும் இப்போதே சேர்த்துவிடலாம்.

பிறகு எல்லாவற்றையும் மிக்ஸியில் இட்டு இரண்டு மூன்று நிமிடம் விழுதாக அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடாகும், அதனால் விட்டுவிட்டு ஓட்டுங்கள். அரைபடும்போது எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நீரோடு கலந்து நிற்கும். ரொட்டியும் தக்காளி நாரும் அதைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் விழுதின் சிவப்பு கண்முன்னே ஆரஞ்சு நிறமாக மாறும். நுண்துளிகளும் காற்றுக் குமிழ்களும் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் மாற்றம் அது. சரியாகக் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சற்றுப் பெரிய கண் உள்ள வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தி வடித்தால் தோலும் விதையும் நின்றுவிடும். மிகக் கெட்டியாக இருந்தால் கொதிக்கவைத்து ஆறிய நீரைக் கொஞ்சம் சேர்க்கலாம்.

மூடி, குறைந்தது 3 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பரிமாறும் முன் மீண்டும் ஒரு முறை சுவை பார்க்க வேண்டும். குளிர்ந்த உணவில் நாக்கு இனிப்பையும் நிறைவான ருசியையும் குறைவாகவே உணரும். நாவின் சுவை அணுக்களில் உள்ள ஒரு கால்வாய் வெப்பம் ஏற ஏறக் கூடுதலாகச் செயல்படுகிறது, குளிரில் அடங்குகிறது என்பதை 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு விளக்கியது. ஆகவே அரைத்தபோது சரியாக இருந்த சுவை, குளிர்ந்த பிறகு குறைவாகத் தெரியலாம். அப்போது பார்த்து உப்பு சேர்ப்பதே கணக்கு. பனிக்கட்டியை உள்ளே போடாதீர்கள், உருகி நீர்த்துவிடும். கிண்ணத்தை முன்கூட்டியே குளிரவைத்தால் போதும். பொடியாக நறுக்கிய வெள்ளரி, மிளகாய், வெங்காயம், வறுத்த ரொட்டித் துண்டுகளைத் தனித்தனியாக வைத்து, வேண்டியவர் வேண்டியதைப் போட்டுக்கொள்ளட்டும்.

வேகாத உணவு என்பதால் ஒரு எச்சரிக்கை. காய், கத்தி, பலகை, ஜார் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைச் சேர்க்கவே கூடாது. வெயில் காலத்தில் வெளியே வைத்து மறந்துவிடாதீர்கள். அன்றே குடித்துவிடுவது நல்லது. மறுநாளைத் தாண்டி வைக்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். அந்தலூசியாவில் வசந்தத்தில் நடுகிறார்கள். கோடை முழுக்கப் பறிக்கிறார்கள். வறண்ட காற்றால் அங்கே பகல் எவ்வளவு கொதித்தாலும் உட்பகுதிகளில் இரவு ஓரளவு தணிந்துவிடும். நம் கடற்கரை மாவட்டங்களில் சித்திரை, வைகாசி இரவுகள் தணிவதில்லை. இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். ஆகவே இங்கே கார்த்திகையில் விதைத்து, மார்கழியில் நாற்றை எடுத்து நட்டால் மாசி, பங்குனியில் பழம் கிடைக்கும். வெயில் ஏறத் தொடங்கும் அந்த நாட்களே நமக்குக் கஸ்பாச்சோவின் பருவம்.

தொட்டிக்கு ஒரு செடி போதும். குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். தண்ணீரை ஒரே சீராக விடுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டினால் பழம் வெடிக்கும், அடிப்பகுதி கறுத்து அழுகும். காய்கள் நிறம் திரும்பத் தொடங்கியதும் நீரைச் சற்றுக் குறைத்தால் சாறு திரண்டு இனிப்பு கூடும். இடம் குறைந்தவர்கள் செர்ரித் தக்காளி வளர்க்கலாம். சிறிய பழங்களில் சர்க்கரையின் செறிவு பொதுவாக அதிகம். இந்தச் சூப்புக்கு மிகவும் ஏற்றவை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் சிவப்பு நிறமி உருவாவது குறைந்து பழம் மஞ்சளாகவே நிற்கும். அணிலும் பறவையும் காத்திருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் பாதி நிறம் திரும்பிய பழத்தைப் பறித்து வீட்டு நிழலில் பழுக்கவிடுங்கள். அந்த நிலைக்கு வந்துவிட்ட பழம் ருசியில் பெரிதாகத் தோற்காது. முழுப் பச்சையாக மட்டும் பறித்துவிடாதீர்கள்.

பெரியோர்களே, நண்பர்களே, சந்தைக்கு வரும் தக்காளி தொலைதூரப் பயணத்தைத் தாங்க வேண்டும். அதற்கென்றே தடித்த தோலோடு வளர்க்கப்பட்டு முன்கூட்டியே பறிக்கப்படுகிறது. அதில் தவறில்லை, நம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் அது போதும். ஆனால் அடுப்பு ஏற்றாமல் உண்ணத் தகுந்த தக்காளியை விலைகொடுத்து வாங்குவது கடினம். வளர்த்துத்தான் பெற வேண்டும். பத்துச் செடி வேண்டாம், இரண்டு போதும். இந்தக் கார்த்திகையில் விதை போடுங்கள். பழத்தைச் செடியில் பழுக்கவிடுங்கள். பறித்ததை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அரைத்ததைக் குளிரவைத்து, வெயிலில் உழைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு முதல் கிண்ணத்தைக் கொடுங்கள். அந்த உணவு அப்படிப்பட்டவர்களுக்காகவே பிறந்தது.